ஒன்றரை நாள் லீவும் ஒரு ஏஐ லெட்டரும்

"சார், மகளோட பர்த் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு உடனே ஸ்கூலுக்கு வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு வந்த போன் இது. பேசியவர் மகள் இருக்கும் ஹாஸ்டலின் வார்டன்.

ஹாஸ்டலிலிருந்து போன் வந்தாலே பெற்றவர்களுக்குப் பயம்தான். காய்ச்சலாக இருக்குமோ, மார்க் குறைந்துவிட்டதோ, யாரோடாவது சண்டையோ என்று மனசு ஓடும். ஆனால் எந்தக் காய்ச்சலுக்கு பர்த் சர்ட்டிபிகேட் கேட்பார்கள்?

"புள்ள நல்லா இருக்காளா மேடம்?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கா. அப்படியே நல்லா இருக்கணும்னுதான் சார் உங்களைக் கூப்பிடறோம்."

போன் கட் ஆகிவிட்டது. போனும் கையுமாக நான் அப்படியே நின்றதைப் பார்த்து, பட்டறையில் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைத் தூக்கி, "ஏனுங்க, கரண்ட் கிரண்ட் அடிச்சுப்போடுச்சுங்களா?" என்று கேட்டார்.

அடித்தது. ஆனால் கரண்ட் இல்லை.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை இங்கே வந்து உங்களோடு பேசுகிறேன். வீடு புதுச்சத்திரத்தில். மனைவி பெயர் கலாமணி. ஒரே மகள் சௌமியா, பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் பதினெட்டு கிலோமீட்டர்தான். இருந்தாலும் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். ஏன் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

காரில் போகும்போது கலாமணிதான் தைரியம் சொன்னாள். "பப்ளிக் எக்ஸாமுக்குப் பேரு குடுக்கறதுக்கா இருக்கும்ங்க. அதுக்குப் போயி இந்த ஓட்டு ஓட்டறீங்க... லாரிக்காரருக்கு நாமதான் வழி உடோணும், அவரு நமக்கு உடறாரு பாருங்க."

எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. முதல் நாள் நான் அனுப்பிய லெட்டர் நினைவுக்கே வரவில்லை. அதுதான் கொடுமை.

அந்த லெட்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் மகன் கோகுலுக்குக் கல்யாணம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுச்சேலை கட்டி, நகையெல்லாம் போட்டு, மேடையில் அவனுக்கு இணையாக நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் மரியாதை அது. பார்க்க அழகாக இருக்கும்.

கோகுலுக்குக் கூடப் பிறந்த பெண் இல்லை. சித்தப்பா மகள் சௌமியாதான் தங்கச்சி. அவள் நிற்காவிட்டால் அண்ணன் வீட்டில் வேறு யாரையோ தேட வேண்டும். அப்புறம் என் அண்ணி என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு லீவு கிடையாது. கட்டாயம் என்றால் காரணத்தைச் சொல்லி, பிரின்சிபாலுக்கு இங்கிலீஷில் லெட்டர் எழுதி, ஸ்கூல் ஆப்பில் ஏற்ற வேண்டும். அவர் படித்துப் பார்த்து முடிவு செய்வார்.

லெட்டருக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சௌமியாவிடம் கல்யாணத்தைப் போனில் சொன்னேன். "கல்யாணத்துக்கு மறுநா திங்கக்கெழம கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுப்பா..." என்று இழுத்தாள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சாமி" என்று வைத்துவிட்டேன்.

இந்த "பாத்துக்கலாம்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழில் வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவன். இங்கிலீஷ் படிப்பேன், புரியும். எழுதுவது என்றால் டிப்ளமோ படித்த காலத்தோடு சரி. அதற்குத்தான் இப்போது ஏஐ இருக்கிறதே! திங்கட்கிழமை காலை, பட்டறை கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே நின்றபடியே போனை எடுத்தேன்.

முதலில் "லீவ் லெட்டர் எழுது" என்று மட்டும் போட்டேன். எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஆபீஸுக்கு வர முடியாது என்று வந்தது. பட்டறை முதலாளிக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

"எனக்கு இல்லை, மகளுக்கு. ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும்" என்றேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வந்தது. ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் மேல் நடவடிக்கை எடுப்பேனாம். யார் மேல்? பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மேலா?

"அப்படி வேண்டாம், உருக்கமாக" என்றேன். நடுங்கும் கைகளோடு நான் எழுதுவதாக ஆரம்பித்து, வீட்டில் யாரோ சாகக் கிடப்பதாக முடித்திருந்தது. கல்யாண வீட்டில் இது எதற்கு?

கோபம் வந்தது... ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த வரிகள் போனில் இன்னும் இருக்கின்றன. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"பிரின்சிபாலுக்கு லெட்டர். மகள் சௌமியா, பன்னிரண்டாம் வகுப்பு. கல்யாணம். மேடையில் மாப்பிள்ளைக்கு இணையாக நிற்க வேண்டும். இணைச்சீர். அவளை விட்டால் ஆள் இல்லை. டெஸ்ட் இருக்கு, வரலை என்பாள், அதைக் கேட்கக் கூடாது. கண்டிப்பாக அனுப்ப வேண்டும். மறுக்க முடியாதபடி உருக்கமாக. இங்கிலீஷில்."

இப்போது படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதேதான் ஏஐக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஏன் என்றால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! யாருக்குக் கல்யாணம் என்று தெரியும். இணைச்சீர் என்றால் என்ன என்று தெரியும். எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு.

நாலு பத்தி லெட்டர் வந்தது. முதல் பத்தி படித்தேன். மதிப்புக்குரிய அம்மையாரே, பெற்றோர் என்ற முறையில் தங்கள் பள்ளிக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன்... என் கண்ணே கலங்கிவிட்டது. மீதி மூன்று பத்தி இருந்தது. அந்த நேரம் பார்த்து சேலத்துப் பார்ட்டி ஒருவர் பாடி கட்டாத புது லாரி சேஸிஸோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தார். ஆப்பில் ஏற்றினேன். அனுப்பினேன். போனைப் பையில் போட்டேன்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வரலாம்.

பிரின்சிபால் அறை. பிரின்சிபாலுக்கு தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பக்கத்தில் வார்டன், ஆத்தூர்க்காரர். மேஜைமேல் என் லெட்டரின் பிரிண்ட் இருந்தது, சிவப்பு மையில் நாலைந்து இடத்தில் கோடு போட்டு. அதன் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் ஏதோ போன் நம்பர். சௌமியாவைக் காணோம்.

"உக்காருங்க சார். சௌமியாவுக்கு என்ன வயசு?"

"பதினேழுங்க மேடம்."

"தெரிஞ்சுதான் செய்யறீங்க, இல்லையா?"

என்ன செய்கிறேன் என்று புரியவில்லை. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்குப் பதினேழு வயசு இருப்பதில் என் தவறு என்ன? கலாமணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை யாரு?"

கல்யாணத்தைப் பற்றித்தானே கேட்கிறார் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். "எங்க அண்ணன் பையன்தானுங்க மேடம்."

வார்டன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கூடப்பொறந்த அண்ணனா?"

"ஆமாங்க. சொந்த அண்ணன்."

"ஐயோ... அண்ணன் முறை ஆச்சே சார்!"

"ஆமாங்க, அண்ணன் முறைதான். அதனாலதானுங்க இவ நிக்கோணும்."

இந்த இடத்தில் பிரின்சிபால் அந்தத் துண்டுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். அது எந்த நம்பர் என்று நான் கேட்கவில்லை. குழந்தைத் திருமணம் பற்றிப் புகார் சொல்லும் நம்பர் என்று பிறகு தெரிந்தது.

வார்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சார், உங்க பத்தியை நான் வாரா வாரம் படிப்பேன். பொம்பளைப் புள்ளைங்களைப் படிக்க வைக்கணும்னு போன மாசம் எழுதினீங்களே, அதைக் கட் பண்ணி ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கேன். நீங்களா சார் இப்படி?"

எப்படி?

பிரின்சிபால் லெட்டரை எடுத்துப் படித்தார். இங்கிலீஷில்தான் படித்தார், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "எங்கள் குடும்பம் நெடுநாள் காத்திருந்த திருமணம் இது. மணமேடையில் மணமகனோடு சௌமியா இணையும் அந்தப் புனிதச் சடங்கைத் தள்ளிப்போட இயலாது. கல்வியின் அருமையை அறிவோம். எனினும் ஒரு பெண்ணின் வாழ்வில் கல்வியைவிட உயர்ந்த கடமைகள் சில உண்டு."

கலாமணி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலை என்னால் எழுத முடியாது.

"இன்னும் இருக்கு சார்," என்றார் பிரின்சிபால். "'அவள் தானாகவே தயக்கம் தெரிவிக்கக்கூடும். தயவுசெய்து அதைப் பொருட்படுத்த வேண்டாம்.' இது என்ன சார்?"

அது நான் எழுதவில்லை, ஏஐ எழுதியது என்று எப்படிச் சொல்வது? அடியில் என் பெயர் இருக்கிறதே.

கலாமணிதான் எழுந்தாள். "மேடம், எம்பட புள்ளைக்குக் கல்யாணமே இல்லீங்க! கல்யாணம் கொழுந்தனாரு... இல்லீங்க, மச்சாண்டாரு பையனுக்கு, இவரு அண்ணன் மகனுக்கு. பொண்ணு ஜலகண்டாபுரத்துப் பொண்ணு. அது காலேஜ் முடிச்சு ரெண்டு வருசமாச்சுங்க. இவ சும்மா பக்கத்துல நின்னாப் போதும்ங்க."

"பட்டுச்சேலை கட்டிக்கிட்டா?"

"ஆமாங்க."

"நகை போட்டுக்கிட்டா?"

"ஆமாங்க."

"மாப்பிள்ளை பக்கத்துல? மேடையில ஜோடியா?"

"ஆமாங்க..." கலாமணியின் குரல் இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகும் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் விடவில்லை. வார்டன் தோளில் கிடந்த துப்பட்டாவைக் கேட்டு வாங்கினாள். என்னை எழுப்பி நிறுத்தினாள். "இவருதான் மாப்பளைன்னு வெச்சுக்குங்க. நான் தங்கச்சி." துப்பட்டாவின் ஒரு முனையை என் கக்கத்தில் செருகி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து என் மனைவி எனக்குத் தங்கச்சியானாள்.

பிரின்சிபாலின் முகத்தில் அசைவே இல்லை. அந்த நேரம் டீ கொண்டு வந்த ஆபீஸ் உதவியாளர் அம்மா, எங்களைப் பார்த்ததும் தட்டோடு நின்றுவிட்டார்.

"அட, இணைச்சீருங்களா! யாரு ஊட்டுக் கல்யாணமுங்க?"

பிரின்சிபால் சட்டென்று நிமிர்ந்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாமலுங்களா மேடம்? எந்தம்பி கல்யாணத்துல நாந்தானுங்க நின்னேன். கழுத்து நெறையா நகை போட்டு நின்னனா, பொண்ணு நான்னு நெனச்சு கேமராக்காரன் என்னையே படமெடுத்துத் தள்ளிப்போட்டான். ஆல்பத்துல பொண்ணைவிட நாந்தானுங்க ஜாஸ்தி!"

அந்த அம்மாவுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

பிரின்சிபால் துண்டுத் தாளைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. ஆனால் கேள்விகளின் தொனி மாறியது. கல்யாணம் யாருக்கு? சௌமியாவுக்கு அங்கே என்ன வேலை? எப்போது கூட்டிப்போகிறீர்கள்? யார் வருவீர்கள்? எப்போது திரும்பக் கொண்டுவந்து விடுவீர்கள்?

"சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குங்க மேடம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கொண்டாந்து உட்டுடறேன்."

"ஒன்றரை நாளா?" லெட்டரை ஒரு பார்வை பார்த்தார். "ஒன்றரை நாள் லீவுக்கா சார் இவ்வளவும்?"

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அப்படி ஒரு லெட்டர் வந்தும் ஒரு பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்றால்தான் என் மகளை அந்தப் பள்ளியிலிருந்து கூட்டிவந்திருப்பேன்.

"புதுசா ஒரு லெட்டர் குடுங்க," என்றார். "என்ன வேணும்னு மட்டும் இருந்தாப் போதும்."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். என் கை போனுக்குப் போனது. கலாமணி வெடித்தாள்.

"மறுக்காவும் அதுலயா? ஏனுங்க, லாரிக்குப் பாடி கட்டறதுன்னா மட்டும் நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு வர்றவங்க உசுரை எடுக்கறீங்க. என்ன லோடு, எந்த ரூட்டு, ரூட்டுல பாலம் இருக்குதான்னு. பெத்த புள்ளைக்கு லெட்டர்னா ஒரு கேள்வி இல்லாம கட்டி உட்டுட்டீங்களே!"

சுருக்கென்றது. ஏனென்றால், அந்தப் பாலம் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு பார்ட்டி வந்தார். "நல்லா உசரமா, ஸ்ட்ராங்கா ஒரு பாடி கட்டுங்க" என்றார். கட்டினேன். பெயின்ட் அடித்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து அனுப்பினோம். சாயங்காலம் போன் வருகிறது: அவர் ஊருக்குள் நுழையும் ரயில் பாலத்துக்கு அடியில் லாரி போகவில்லை. மேலே ரயில், கீழே புது லாரி, நடுவில் அவர் என்னைத் திட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கேட்டதைத்தான் கட்டினேன். உயரம், ஸ்ட்ராங்... இரண்டும் இருந்தது. வண்டி வீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு ஆர்டர் நோட் உண்டு. அதை நிரப்பாமல் ஒரு தகட்டைக்கூட வெட்டமாட்டோம். ஆள் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. "ஸ்ட்ராங்கா" என்று யாராவது சொன்னால் எங்கள் மேஸ்திரி பேனாவை மூடிவிட்டு, "அது எல்லாருந்தான் சொல்றாங்க... லோடு என்னங்க?" என்பார்.

அந்த மேஸ்திரிக்கு முதலாளி நான். நான் போய் "உருக்கமாக, மறுக்க முடியாதபடி" என்று டைப் அடித்திருக்கிறேன்!

ஒன்று புரிந்தது. பட்டறையில் சந்தேகம் வந்தால் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார். என் போனில் இருப்பது நிறுத்தவில்லை. நான் விட்ட இடங்களைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. யாருக்குக் கல்யாணம் என்று நான் சொல்லவில்லை. சௌமியாவுக்குத்தான் என்று வைத்துக்கொண்டது. எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. திரும்பவே மாட்டாள் என்று வைத்துக்கொண்டது. அதைக் குறை சொல்லி என்ன பயன்? பாலத்தைப் பற்றி மூச்சு விடாதவன் நான்.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன நோட்டை எடுத்தேன். முதலில் தமிழில், பேனாவால்: லெட்டரைப் படிக்கப்போவது பிரின்சிபால், அவருக்கு எங்கள் பக்கத்துச் சடங்கு தெரியாது. கல்யாணம் அண்ணன் மகன் கோகுலுக்கு. சௌமியா அவனுக்குத் தங்கை முறை. இணைச்சீர் என்றால் இன்னது. சனி ஒரு மணி முதல் ஞாயிறு ஆறு மணி வரை. கூட்டிப்போவதும் கொண்டுவந்து விடுவதும் அப்பா. லெட்டர் ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. உருக்கம் வேண்டவே வேண்டாம்.

இதை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதை அப்படியே போனில் அடித்து, கடைசியில் "தெரியாதது ஏதாவது இருந்தால் எழுதுவதற்கு முன் என்னைக் கேள்" என்று சேர்த்தேன்.

கேட்டது! இந்த லீவால் ஏதாவது தேர்வு தவறுகிறதா என்று கேட்டது.

நிமிர்ந்தேன். வார்டன் சௌமியாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது. எப்போதும் என்னைப் பார்த்ததும் வந்து பையைத் துழாவுகிறவள், அன்றைக்குக் கிட்டே வரவில்லை.

"டெஸ்ட் இருக்குதுல்ல சாமி?"

"திங்கக்கெழம கெமிஸ்ட்ரி. அன்னைக்கே சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான்.

அதையும் சேர்த்தேன்: திங்கட்கிழமை தேர்வுக்கு அவள் இருப்பாள். ஆறு வரி லெட்டர் வந்தது. இந்தத் தடவை ஆறு வரியையும் படித்தேன். கலாமணி படித்தாள். வார்டன் படித்தார். சௌமியா நோட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தனையும் நீங்களே எழுதிட்டீங்க. அப்பறம் அதுக்கு என்னப்பா வேலை?"

இங்கிலீஷ் ஆக்குவதுதான் வேலை. யோசிப்பது என் வேலை. நான்தான் அதை மாற்றிக் கொடுத்திருந்தேன்.

பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனையோடு. "விசேஷம் முடிஞ்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க சார். என் திருப்திக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் இணைச்சீர். அரக்குப் பட்டில் மேடையில் நின்ற சௌமியாவைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் மகள் வளர்ந்துவிட்டாள் என்று தோன்றியது. கழுத்து நிறைய மாலை, நெற்றிச்சுட்டி, பக்கத்தில் வேட்டி சட்டையில் கோகுல், இருவருக்கும் நடுவே கூறைச்சேலை. போனில் எடுத்தேன். அருமையாக வந்திருந்தது. கொடுத்த வாக்கு நினைவு வந்தது. உடனே பிரின்சிபாலுக்கு அனுப்பினேன்.

வெறும் போட்டோ. கூட ஒரு வார்த்தை இல்லை.

நாலு நிமிஷத்தில் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும்தான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. போனைக் காட்டினேன். கலாமணி தலையில் கையை வைத்துக்கொண்டு, பந்தி நடக்கும் இடம் என்றுகூடப் பார்க்காமல், "இவரை என்னதானுங்க பண்றது!" என்று யாரோ ஒரு சம்பந்தியிடம் கேட்டாள்.

சௌமியா மாலையோடு இறங்கி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். மேடமிடம் இரண்டு வார்த்தை பேசினாள். அப்புறம் கல்யாணப் பெண்ணையும் கோகுலையும் ஒன்றாக உட்காரவைத்து, பின்னால் தான் நின்று, ஒரு படம் எடுக்கச் சொன்னாள். கீழே அவளே டைப் அடித்தாள்: "உட்கார்ந்திருப்பவர்கள்: மாப்பிள்ளை கோகுல், மணப்பெண். நிற்பது: நான், மாப்பிள்ளையின் தங்கை. நாளை மாலை ஆறு மணிக்கு ஹாஸ்டலில் இருப்பேன்."

பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது. கூடவே: "சௌமியா, இனி உன் லீவ் லெட்டரை நீயே எழுது."

இதோடு முடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது காரில் நடந்ததை எழுதாவிட்டால் இந்தப் பத்தி பொய்யாகிவிடும்.

பின்சீட்டில் கலாமணி கல்யாண அசதியில் தூங்கிவிட்டாள். முன்சீட்டில் சௌமியா கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு பக்கமும் புரளவில்லை.

"அப்பா, அந்த லெட்டரை மேடம் எங்கிட்டத்தான் மொதல்ல படிச்சுக் காட்டினாங்க."

"ம்."

"புனிதச் சடங்கு, கடமை... கேக்கக் கேக்க எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்கப்பா இப்படியெல்லாம் எழுதமாட்டாருங்க மேடம், கல்யாணம் எனக்கில்லைன்னு சொன்னேன். யாரோ உங்க போன்ல வெளையாடியிருக்காங்கன்னு நெனச்சேன். வேற கல்யாணம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னாங்க மேடம்."

"அப்பறம் ஏஞ்சாமி அழுதே?"

புத்தகத்தை மூடினாள். எதிரே முட்டை ஏற்றிய லாரி ஒன்று போனது.

"அப்பறம், அவ வரலைன்னு சொல்லுவா, அதைக் கேக்காதீங்கன்னு ஒரு வரி படிச்சாங்கல்ல... அது மட்டும் நீங்க பேசற மாதிரியே இருந்துச்சுப்பா. அதனால, எனக்குத்தான் கல்யாணம்னு நம்பிட்டேன்."

அவள் சொன்னது சரி. நாலு பத்தி லெட்டரில் ஏஐ தானாகச் சேர்த்தது ஏராளம். ஆனால் அந்த ஒரு வரியை அது கற்பனை செய்யவில்லை. அது என் வரி. நான் டைப் அடித்தது.

ஆர்டர் நோட்டில் லோடு கேட்கிறேன், ரூட் கேட்கிறேன், பாலம் கேட்கிறேன். லாரியை ஓட்டப்போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதுண்டு: கேபினில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், வசதியாக இருக்கிறதா என்று. மகளிடம் மட்டும் "பாத்துக்கலாம் சாமி."

வாசகர்கள் எனக்கு எழுதிக் கேட்பதுண்டு: ஏஐயிடம் எப்படிச் சரியாகக் கேட்பது? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு முன்னால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எழுதுவதற்கும் முன்னால், அதில் யாருடைய பெயர் வருகிறதோ அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பட்டவன் சொல்கிறேன்.

ஹாஸ்டல் கேட்டில் இறங்கினாள். டிக்கியில் கல்யாண வீட்டு முறுக்கு ஒரு டின் இருந்தது. வழக்கமாக எடுத்து நேரே கையில் திணித்துவிடுவேன். அன்றைக்கு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "சாமி, முறுக்கு வேணுமா, வேண்டாமா?"

திரும்பிப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்னப்பா, புதுசா கேக்கறீங்க! வேண்டாம், ரூம்ல எறும்பு வருது."

சரி என்று டின்னைத் திரும்ப வைத்துவிட்டேன். தூக்கம் கலைந்து எழுந்த கலாமணிதான் புதுச்சத்திரம் வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள்... முறுக்கைப் போய் யாராவது கேட்டுக்கொண்டு கொடுப்பார்களா என்று.